நைனாவுக்காக வாங்கிய ஸ்பீக்கர்

ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட்ஸை நம்புகிறவன் உருப்படவே மாட்டான். அட்டைப் பெட்டியில் நெருப்புப் படம் போட்டு ஐயாயிரம் வாட்ஸ் என்று எழுதியிருப்பான். திறந்து பார்த்தால் உள்ளே கையளவு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பாவமாக உட்கார்ந்திருக்கும். அது ஒழுங்காக ஐம்பது வாட்ஸ் கொடுத்தாலே கோயிலில் தேங்காய் உடைக்கலாம். இதெல்லாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது யாராவது சும்மா கேட்டால்கூடப் போதும், ஸ்பீக்கர் எத்தனை ஓம், ஆம்ப் எத்தனை ஓம் தாங்கும், வயர் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று பிடித்துக்கொள்வேன். கேட்டவன் தப்பித்து ஓட வேண்டியதுதான். ஆனால் இவ்வளவையும் யாருக்காக வாங்கினாய் என்று கேட்டால் மட்டும் இப்போதெல்லாம் எனக்கு வாய் வருவதில்லை.

முன்பு அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். நைனாவுக்காக.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். காசிமேட்டில் விசைப்படகு டிரைவராக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் படகு ஏறியவர், முட்டி தேய்ந்து இறங்கும்வரை டீசல் என்ஜினுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தார். படகு ஓட்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காது மந்தம்தான். எங்கள் பக்கம் அதை யாரும் வியாதியாகவே நினைப்பதில்லை, தலை நரைப்பது மாதிரி அதுவும் ஒன்று. நைனாவுக்கு இடது காது சுத்தமாக அவுட். வலது காதில் கத்தினால் கொஞ்சம் ஏறும். கல்மண்டபத்தில் நாங்கள் இருப்பது முதல் மாடி. நைனாவிடம் சோறு போடட்டுமா என்று என் வீட்டுக்காரி கேட்டால் கீழ் வீட்டுக்காரர் வாசலில் நின்று மேலே பார்ப்பார்.

நைனா தினமும் சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம் ஒரு டீக்கடைக்குப் போவார். கூடப் படகில் போன ஆட்கள் எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். ஒரு நாள் நான் போண்டா வாங்கப் போனபோது பார்த்தேன். யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நைனா ஒரு நொடி தாமதமாகச் சிரித்தார். "இன்னா சொன்னேன்னே தெரியாம சிரிக்கிறான் பாரு" என்றார் ஒருவர். மறுபடியும் சிரிப்பு. நைனாவுக்கு அது கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பது தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் டீக்கடைக்குப் போவதை விட்டார். முட்டி வலிக்குது என்று சாக்குச் சொன்னார். வீட்டில் ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நாங்கள் பேசுவதை வாய் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டதற்குப் பதில் சொல்வார், அதுவும் தப்பாகச் சொல்வார். பிறகு அந்தப் பதிலும் குறைந்துபோனது. ஒரு மனுஷன் எங்கள் கண்ணெதிரிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

"காது டாக்டராண்ட இட்டுனு போ. மெஷினு வாங்கிக் குடு" என்றாள் என் வீட்டுக்காரி.

நானும் கேட்டேன். வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்திக் கேட்டேன்.

"வோணாம்டா. இன்னாத்துக்கு வீண் செலவு? செவுடன்னு போர்டு மாட்டிகினு திரியணுமா?" என்று கையை வீசினார்.

எங்கள் பக்கம் எது கேட்டாலும் முதலில் வேணாம் என்றுதான் சொல்வார்கள். காலையிலிருந்து பட்டினியாக இருப்பவன்கூட, சாப்பிட வா என்றால் வேணாம், இப்பத்தான் துன்னேன் என்பான். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தால்தான் சாப்பிடுவான். முதல் தடவை சொல்லும் வேணாம் வேணாமே இல்லை என்பது இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். மூன்று தடவையாவது கேட்க வேண்டும். உன் கல்யாணத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிட்டாய் என்று இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த நான், நைனாவின் முதல் வேணாமை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மறுபடியும் கேட்கவே இல்லை.

ஏனென்றால் மூர் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து வைத்திருந்தேன். முன்பக்கம் இரண்டு மீட்டர், பாட்டுக்குத் தகுந்த மாதிரி ஊசி எழுந்து எழுந்து விழும். மனசெல்லாம் அதிலேயே கிடந்தது. கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிற எனக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்கலாம். நாளெல்லாம் டிரெய்லர் ஹாரனைக் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு ஒரு பாட்டையாவது சுத்தமாகக் கேட்க வேண்டும் என்று இருக்காதா? அதை அப்படியே சொல்லி வாங்கியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது.

"மெஷின் வோணாம்ன்றாரு. நல்ல செட்டா வெச்சிக் குடுத்தா பாட்டாவது தெளிவா கேப்பாரு" என்றேன்.

என் வீட்டுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மாமாவுக்கு வாங்குறியா, உனுக்கு வாங்கிக்கிறியா?"

"நைனாவுக்குத்தான்டி!"

சொன்ன வேகத்தில் அது எனக்கே உண்மையாகத்தான் பட்டது.

ஆம்ப் வந்தது. அதோடு ஒரு கல்யாண ஆர்கெஸ்ட்ராக்காரர் கழித்துக்கட்டிய இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸும் வந்தது. ஒவ்வொன்றிலும் தாம்பாளம் மாதிரி ஒரு வூஃபர். தரையில் அப்படியே வைத்து, வயரை முறுக்கி மாட்டி, வால்யூமைத் திருப்பினேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நைனா நாற்காலியை இழுத்துப்போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது. எத்தனையோ மாதமாக நான் பார்க்காத முகம்.

"என்ஜின் புடிச்சிகிச்சுடா!" என்றார்.

அந்தச் சந்தோஷம் நிஜம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

ஆனால் அந்த பாக்ஸ் நாலு ஓம். ஆம்ப் எட்டு ஓமுக்குச் செய்தது. ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை, அது குறையக் குறைய ஸ்பீக்கர் அதிகக் கரண்டை உறிஞ்சும். அந்த ஜோடி, மீன்பாடி வண்டியில் கன்டெய்னரை ஏற்றின மாதிரி. ஒரு பாட்டு முடிவதற்குள் ஆம்ப் தோசைக்கல்லாகச் சுட்டது. ஒரு சாயங்காலம் புகைவிட்டுப் படுத்தது. அதற்குப் பிறகுதான் வீடியோ வீடியோவாகப் பார்த்து, ரிச்சி தெருவில் நாலு கடைக்காரர்களிடம் திட்டு வாங்கி, நாலு ஓம் தாங்குகிற ஓர் ஆம்ப்பைப் பிடித்தேன். அது நன்றாகவே ஓடியது. தினமும் சாயங்காலம் நைனா செருப்பைக் கழற்றிப்போட்டு வந்து உட்கார்ந்தார். நிஜமாகவே நைனாவுக்காக என்றால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

நிறுத்துவேனா? எனக்குத்தான் காது நன்றாக இருக்கிறதே! பெரிய பாக்ஸில் பேஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், கொழகொழவென்று இருந்தது. பாடுகிறவரின் குரல் அதில் மூழ்கிக் கிடந்தது. எங்கள் ஹால் பத்தடிக்குப் பன்னிரண்டு, அதில் அந்த பாக்ஸ் குடிசைக்குள் யானை. பாக்ஸை விற்றேன். "நைனாவுக்குக் குரல் தெளிவா கேக்கணும்ல" என்று வீட்டில் சொன்னேன். அடுத்து வந்தது சின்ன ஸ்பீக்கர் ஜோடி. அது சரியாகப் பாடவில்லை. சின்ன ஆம்ப்புக்கு எந்த ஸ்பீக்கர் சத்தமாகப் பாடும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. ஒரே கரண்டைக் கொடுத்தாலும் ஒரு ஸ்பீக்கர் முனகும், இன்னொன்று கணீரென்று பாடும். முனகுகிற ஸ்பீக்கரைப் பாட வைக்க ஆம்ப்பைப் பிழிந்தால் ட்வீட்டர் என்கிற குட்டி ஸ்பீக்கர் கருகிவிடும். இரண்டு ட்வீட்டரைக் கருக்கிய பிறகு அதுவும் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு தடவை பார்சல் வரும்போதும் நைனாவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைப்பேன். அவர்தான் நீதிபதி என்பேன். "எப்டி கீது நைனா?" என்று காதில் கத்துவேன். அவர் தீர்ப்பு என்றைக்கும் ஒன்றேதான். "ஷோக்கா கீதுடா."

கடைசியில் ஜோடி அமைந்தது. கைக்கடக்கமான ஓர் ஆம்ப், அதற்கென்றே பிறந்த மாதிரி ஒரு ஜோடி ஸ்பீக்கர், திருவொற்றியூரில் வீடு காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் சல்லிசாகக் கிடைத்தது. உப்புக்காற்றில் வயர் முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது, சுரண்டிச் சரிசெய்தேன். ராயபுரத்தில் ஒரு பட்டறையில் இரும்பு ஸ்டாண்டு இரண்டு செய்து, குழாய்க்குள் மணல் நிரப்பி, காது மட்டத்துக்கு ஸ்பீக்கரைத் தூக்கி வைத்தேன். அதற்கும் கீழே லாரி டயரிலிருந்து வெட்டிய தடித்த ரப்பர். ஸ்பீக்கரின் அதிர்வு தரையில் இறங்கக் கூடாது, இறங்கினால் சத்தம் கலங்கிவிடும் என்று படித்திருந்தேன். படித்தது சரிதான். பாட்டைப் போட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. பாடகி மூச்சு இழுப்பது கேட்டது. தபலாக்காரரின் விரல் தோலை விட்டு எழும்புவது கேட்டது.

நைனாவைப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டு, நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பனும் புள்ளையும் ஒரே பாட்டில் கரைவதாக நினைத்துக்கொண்டேன். காலை மட்டும் தரையிலிருந்து எடுத்து நாற்காலியின் மேல் மடித்து வைத்திருந்தார். முட்டிக்கு நல்லதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான் செய்த அடுத்த வேலையைச் சொல்ல எனக்கு உடம்பு கூசுகிறது. நைனா தாளம் போடுவதை வீடியோ எடுத்தேன். எங்களை மாதிரி குறைந்த காசில் செட் கட்டுகிறவர்கள் கூடும் ஒரு குரூப்பில் அதைப் போட்டேன். கடலில் காதைத் தொலைத்த என் அப்பாவுக்காக நான் கட்டிய சிஸ்டம் என்று மேலே எழுதினேன். கண்ணீர் பொம்மையாக வந்து குவிந்தது. முகம் தெரியாத ஒருவர், பெத்தா உங்களை மாதிரி புள்ளையைப் பெக்கணும் என்று எழுதியிருந்தார். அதை என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எண்ணூரிலிருந்து ஒருவர் செட்டில் பாட்டுக் கேட்டுப் பார்க்க வந்தார். என் வயசுதான், ஏதோ தொழிற்சாலையில் வேலை. வரும்போதே நைனாவுக்கென்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். நைனா வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். பாட்டைப் போட்டேன். வந்தவர் அசந்துபோனார். "செம ப்ரோ! இந்த வெலையில இப்டி ஒரு ஜோடியா!" நைனா என் முகத்தைப் பார்த்தார், தாளம் போட ஆரம்பித்தார்.

வந்தவர், இடது ஸ்பீக்கரைக் கொஞ்சம் உள்ளே திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டார். திருப்பினார். பின்னால் வயரின் ஒரு பிசிறு பக்கத்து முனையில் பட்டிருக்க வேண்டும். ஆம்ப் தானாகவே அணைந்துவிட்டது. இரண்டு பக்கமும் பாட்டு நின்றது. நான் எழுந்துபோய் ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து வயரைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும். அதோடு டக், டக், டக் என்று இன்னொரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன்.

நைனா கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

தலை ஆடியது. முகத்தில் அதே சிரிப்பு. என் முகம் மறைந்ததும் அவருக்கு வேறு வழி இல்லை. பாட்டு ஓடுகிறதா நின்றதா என்று அவர் தெரிந்துகொண்டதெல்லாம் என் முகத்தைப் பார்த்துத்தான். சந்தோஷத்தைப் பங்கு போடத்தான் என்னைப் பார்க்கிறார் என்று இத்தனை நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணூர்க்காரர் நைனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டென்று தலை குனிந்து போனை எடுத்து எதையோ தள்ளினார். சமையலறை வாசலில் என் வீட்டுக்காரி கையில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். ஐயோ, இந்த மனுஷனை யாராவது நிறுத்துங்களேன் என்று இருந்தது. நிறுத்த வேண்டியவன் நான்தான்.

கடைசியில் போய்த் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தார்.

"ஷோக்கா கீதுடா" என்றார். பிறகு வந்தவர் பக்கம் திரும்பி, "எல்லாம் எம்புள்ள எனக்கோசரம் பண்ணது" என்றார்.

"ஆமாங்கப்பா" என்றார் அவர். "தெரியுது."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு, ஷிப்ட் இருக்கிறது என்று கிளம்பினார். படி வரை போய் வழியனுப்பினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குரூப்பில் நான் போட்ட வீடியோவை அந்தப் படியிலேயே நின்று அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம்? பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாயிற்று.

மேலே வந்தேன். நைனா எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் வலது காதைப் பார்த்துக் கத்தினேன்.

"பாட்டு கேக்குதா நைனா உனுக்கு?"

தலையை ஆட்டப் போனவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஸ்டாண்டின் பக்கம் திரும்பினார்.

"முன்ன கேட்டுச்சு" என்றார். "காதுல இல்ல, கால்ல. பெரிய பொட்டி தரையில கெடந்துச்சே, அப்போ பாதத்துல ஏறும். படகுல அப்டித்தான். தூங்கும்போதுகூட என்ஜின் மக்கர் பண்ணா முதுவுல தெரிஞ்சிரும். நீ இத்த ரப்பர் போட்டு மேல தூக்கினியா, அப்பாலிகா ஒண்ணும் இல்ல."

"ஏன் நைனா சொல்லல?"

"நீ எம்மாம் ஆசையா பண்ணிகினு கீற. நா எதுக்கு அத்த கெடுக்கணும்?"

அவருக்கு எட்டியிருந்த ஒன்றே ஒன்றையும் நான் டயரை வெட்டி, மணல் நிரப்பி, பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறேன். அதுவும் அவர் பெயரைச் சொல்லி. தூ என்று என்னையே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. என் வீட்டுக்காரி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

"காது டாக்டராண்ட போலாம் நைனா. மெஷினு வாங்கலாம்" என்று கத்தினேன்.

"வோணாம்டா" என்றார்.

"போலாம் நைனா."

"வீண் செலவுடா."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கே போறோம். நீ வர்ற."

இந்தத் தடவை கையை வீசவில்லை. பிடித்த கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. சின்னப் பையன் கடைக்காரரிடம் விலை கேட்கிற மாதிரி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அத்த மாட்டிகினா, நீ என்கிட்ட கத்தாம பேசுவியாடா?"

பேசுறேன் நைனா என்றேன். கத்தாமல், மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழ் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து மேலே பார்க்கிற அளவுக்கு, அதை நான் அவர் காதில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.